செருப்புச் சத்தத்துக்காகக் கட்டிய தெரு

திறப்பு விழா அன்று, நான் கட்டிய தெருவில் ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எவ்வளவு ஜனம்! உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் திருமங்கலத்துப் பக்கமிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கிய ஜனம். அத்தனை பேரும் பூனை மாதிரி நடந்து வந்தார்கள். அந்தத் தெருவைக் கட்டியதே செருப்புச் சத்தம் கேட்பதற்காகத்தான். அந்தத் தெருவில்தான் என் அப்பாவின் வலது கால் போயிற்று.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் கோபம் முந்திக்கொண்டு வந்துவிடும், நீங்களும் குழம்பிப் போவீர்கள்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, கரிசல் காட்டுப் பக்கம். அங்கே ஊர்த் தெரு என்று ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் அந்தத் தெருவுக்குள் போவதென்றால் முனையிலேயே செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கோடி போய்ச் சேர்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். பஸ் ஏற வேறு வழி கிடையாது. மழையோ வெயிலோ, செருப்பு அக்குளில்தான் இருக்கும்.

அப்பா இளவட்டமாக இருந்தபோது, பிற்பாடு நாடே தலைவர் என்று கொண்டாடியவர் எங்கள் ஊருக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தார். அப்போது அவர் மந்திரி இல்லை, டெல்லி இல்லை, ஒன்றும் இல்லை. தெரு முனையில் ஜீப்பை விட்டு இறங்கியவர், வரவேற்க வந்த எங்கள் பையன்கள் வரிசையாகக் குனிந்து செருப்பைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டாராம். முன்னால் நின்றது அப்பா. அப்பாவின் கையைப் பிடித்து, "மாட்டு. மாட்டிக்கிட்டு என் கூட வா" என்றாராம். அந்தத் தெரு முழுக்கக் கையைக் கோத்துக்கொண்டே நடந்தார்கள். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று முறைத்தார்கள்.

இதை அப்பா எத்தனை தடவை சொன்னாலும் ஒரே இடத்தில்தான் குரல் மாறும். "டப்பு டப்புனு அம்புட்டுச் சத்தம் ஆத்தா. ரெண்டு பக்கச் செவுத்துலயும் அடிச்சுத் திரும்பி வருது. அதுவரைக்கும் என் செருப்புக்குச் சத்தம் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

அந்தச் சத்தத்தோடுதான் அவர் ஊரை விட்டு மதுரைக்கு வந்தார். பழங்காநத்தத்தில் வாடகை வீடு, மில் வேலை, ஒரே பிள்ளையான என் படிப்பு. வேட்டி கிழிந்திருந்தாலும் செருப்பு மட்டும் முதல் தரத் தோல் செருப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பாலிஷ் போடுவார். "மாப்பிள்ளை செருப்பு மாதிரியில்ல இருக்கு?" என்று அம்மா இருந்தவரைக்கும் கேலி பண்ணுவாள். கோயிலுக்கு அவர் போவதில்லை. சாமி மேல் கோபம் எதுவும் இல்லை, செருப்பை வாசலில் விட மனசு வராது, அவ்வளவுதான்.

பிறகு சுகர் வந்தது. வந்தது நேராகக் காலில்தான் போய் உட்கார்ந்தது. பாதத்தில் உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிட்டது. முள் குத்தினால் தெரியாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். வெறும் காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிஷனாகச் சொன்னார். சுகர்காரர்களுக்கென்று இருக்கிற மெத்து மெத்தென்ற ரப்பர் செருப்பை எழுதிக்கொடுத்தார். அதைப் பார்த்தாலே அப்பாவுக்கு ஆகாது. "சத்தமே வராத செருப்பு என்ன செருப்பு?" என்பார். வீட்டுக்குள் அதைப் போடுவார், வெளியே கிளம்பினால் தோல் செருப்புத்தான். எப்படியோ வெறும் காலோடு நடக்க மாட்டார் என்பதில் எனக்கு நிம்மதி. மதுரையிலேயே செருப்பைக் கழற்றாத ஒரே ஆள் என் அப்பாதான் என்று டாக்டரிடம் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

நான் கட்டட வடிவமைப்பாளர். கோச்சடையில் ஒரு மாடியில் என் அலுவலகம். வீடு, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடைக்கு முகப்பு என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் இறந்து, திருநகரைத் தாண்டி அவருக்குத் தேசிய நினைவிடம் கட்டப்போகிறார்கள், வரைபடம் அனுப்பலாம் என்று செய்தி வந்தபோது எனக்கு யோசிக்கவே எதுவும் இருக்கவில்லை. சிலை வேண்டாம், தூண் வேண்டாம், கோபுரம் மாதிரி எதுவும் வேண்டாம். ஒரு தெரு. எங்கள் ஊர்த் தெருவின் அகலத்தில், நேராக, வெட்டவெளியில் ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர் உயரத்துக்குச் சுவர். கரிசல் மண்ணின் நிறத்தில் கருப்புக் கல் தளம். அந்தக் கோடியில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு வேப்பமரம். வருகிறவர்கள் செருப்போடு நடக்க வேண்டும். நடக்கிறவர்களின் செருப்புச் சத்தம் இரண்டு சுவரிலும் பட்டு அவர்களுக்கே திரும்பி வர வேண்டும். அதுதான் நினைவுச்சின்னம், மற்றதெல்லாம் கல்லும் சிமென்ட்டும்தான்.

என் வரைபடம் தேர்வான செய்தியை அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் செருப்புக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. "மொத ஆளா நான்தான் நடப்பேன், சொல்லிட்டேன்" என்றார்.

நினைவிடக் குழுவில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், அதுதான் தொந்தரவே. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "எல்லாம் அருமையா இருக்கும்மா. முனையில ஒரு ஓரமா டோக்கன் போட்டுச் செருப்பு வாங்கி வைக்க ஒரு ரூம் மட்டும் சேத்துருங்க" என்றார்.

"செருப்பைக் கழட்ட வேண்டியதே இல்லை சார்."

"என்னம்மா பேசுறீங்க? தலைவர் நினைவிடத்துக்குள்ள செருப்புக் காலோடயா?"

"அவரை எரிச்சது டெல்லியில சார். இங்க சமாதியும் இல்ல, சாமியும் இல்ல. செருப்போட நடக்கத்தான் இந்தத் தெரு."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். கூட்டத்துக்குக் கூட்டம் இதே சண்டை. விடாமல் மல்லுக்கட்டி, அந்த அறையை வரைபடத்திலிருந்து எடுக்க வைத்தேன். தெரு முனைச் சுவரில் 'செருப்புடன் உள்ளே வரவும்' என்று கல்லிலேயே வெட்டவும் வைத்தேன். தளக்கல் வந்து இறங்கிய அன்று சைட் இன்ஜினியர், "மேடம், இந்தக் கருப்புக் கல்லு வெயில்ல தோசைக்கல்லு ஆயிரும்" என்றார். "செருப்புப் போட்டுத்தானே நடக்கப் போறாங்க?" என்றேன். "அதுஞ்சரிதான்" என்று அவரும் விட்டுவிட்டார்.

விழா பங்குனியில் வைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழ். ஏற்பாட்டின்படி, திறந்துவைக்கிற மந்திரி பின்பக்கமாக வந்து முற்றத்தில் இறங்குவார். நான் அங்கே நிற்க வேண்டும். அப்பா தெரு முனையிலிருந்து ஜனங்களுக்கு முன்னால் நடந்து வருவார், சைட் இன்ஜினியர் அவரைப் பார்த்துக்கொள்வார். காலையில் அப்பாவைத் தெரு முனையில் விட்டபோது செருப்பு கண்ணாடியாக மின்னியது. "காது குடுத்துக் கேளுத்தா, நான் வாரது ஒனக்குக் கேக்கும்" என்றார்.

ஒன்பது மணி விழாவுக்கு மந்திரி வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். முற்றத்தில் நட்டிருந்த வேப்பமரம் என்பது வேப்பங்கன்று. வரைபடத்தில் நான் அதைப் பெரிய மரமாகப் போட்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் போடுவோம், மரம் வளர்ந்த பிறகுதான் ஜனங்கள் வருவார்கள் என்பது போல.

மைக்கில் அறிவிப்பு வந்தது. தெருவைத் திறந்துவிட்டார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வேலை நடந்த நாட்களில் சாயங்காலங்களில் தனியாக நடந்து நடந்து பார்த்த தெரு அது. ஒற்றை ஆள் நடந்தாலே கணீரென்று வரும். ஒரு ஊரே நடந்தால் எப்படி வரும் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒன்றும் வரவில்லை. கசகசவென்று பேச்சுச் சத்தம், ஒரு குழந்தை அழும் சத்தம், அவ்வளவுதான். என்னவோ ஆகிவிட்டது என்று நான் திரும்பவும், அப்பா சுவர் முடிந்த இடத்திலிருந்து முற்றத்துக்குள் வரவும் சரியாக இருந்தது. முகம் பூராவும் கண்ணீர், சிரிப்பு. கால் வெறும் கால். அவருக்குப் பின்னால் அத்தனை ஜனமும் வெறும் காலோடு வந்தது. பல பேர் சூடு தாங்காமல் நொண்டி நொண்டி, குதித்துக் குதித்து வந்தார்கள். அப்பா மட்டும் நிதானமாக நடந்து வந்தார்.

ஓடினேன். "செருப்பு எங்கப்பா?"

"அங்கிட்டுக் கெடக்குத்தா."

"கால் சுடலயா?"

"எனக்கு ஒண்ணும் சுடல."

சுடாது. அவருக்கு எப்படிச் சுடும்? என் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் போட்டேன். என் கால் கல்லில் பட்டதுதான் தாமதம், அம்மா என்று துள்ளிவிட்டேன். அவர் என் செருப்பைப் பார்த்து, "பொம்பளச் செருப்ப மாட்டிக்கிட்டு மந்திரி முன்னாடி நிக்கச் சொல்றியா?" என்று சிரித்தார். கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் மந்திரி பேச ஆரம்பித்துவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் வந்து என்னை ஓரமாகப் போகச் சொன்னார். அப்பா கைகட்டி நின்று பேச்சு முழுவதையும் கேட்டார். யாரிடம் கத்துவது, எப்படிக் கத்துவது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். பாவிகள், எவ்வளவு நேரம் பேசினார்கள்!

தெரு முனையில் நடந்ததை இன்ஜினியர் பிறகு சொன்னார். காலையில் நான் முற்றத்துக்குப் போன பிறகு, யாரோ ஆர்வக் கோளாறில் தலைவர் படத்தைக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். படம் வந்தால் குத்துவிளக்கு வரும், விளக்கு வந்தால் சூடம் வரும். நம் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லில் வெட்டிய எழுத்தின் மேல் மந்திரியை வரவேற்று ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றார். கும்பிட்டார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். அவர் பின்னால் நின்றவர்கள் அதைப் பார்த்துக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். "நான் சொல்லிப் பாத்தேன் மேடம். காதுலயே வாங்கல" என்றார் இன்ஜினியர்.

அன்று சாயங்காலமே இரண்டு பாதத்திலும் கொப்புளம். இடது கால் தப்பித்தது. வலது காலில் கொப்புளம் உடைந்து, சீழ் வைத்து, விரல் கறுத்தது. "சுட்டா வலிக்கணும், வலிச்சாத்தான் கால எடுப்போம். இவருக்கு அந்த வலியே வரலயே" என்றார் டாக்டர். முதலில் விரல்களை எடுத்தார்கள். அதோடு நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை, மேலே ஏறியது. முட்டிக்குக் கீழே எடுக்காவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டார் என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "முழு ஆளாப் போறேன் விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் கெஞ்சினேன். திட்டினேன். கடைசியில் அடக்க முடியாமல், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன்.

"செருப்பக் கழட்டச் சொன்னாங்கன்னு தானப்பா ஊரையே விட்டு வந்தீங்க? செருப்போட நடக்கணும்னு தானப்பா அம்புட்டுச் சண்டை போட்டு அந்தத் தெருவக் கட்டுனேன்? ஒங்களுக்காகத்தானே கட்டுனேன்? நீங்களே கழட்டுனா எப்படிப்பா?"

அப்பா திரும்பினார். "நம்ம ஊர்த் தெருவுல கழட்டலன்னா அடிப்பான். பயந்துக்கிட்டுக் கழட்டுனேன். இங்க கழட்டலன்னா எவன் என்னைய என்ன செய்யப் போறான்? ஒருத்தனும் கழட்டச் சொல்லலத்தா. அவரு மொகத்தப் பாத்தேன், கழட்டணும்னு தோணுச்சு. என் செருப்பு, நான் கழட்டுனேன். அது வேற, இது வேற."

நான் பல மாதம் உட்கார்ந்து வரைந்தது, குழுவோடு மல்லுக்கட்டியது எல்லாவற்றையும் ஒரு மூச்சில் தள்ளிவிட்டார். அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கால் அழுகிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, அவருடைய நல்ல காலைப் பிடித்துக்கொண்டு, "கையெழுத்தப் போட்டுருங்கப்பா, ஒங்க கால்ல விழுறேன்" என்று அழுதேன்.

அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "எந்திரி! மொதல்ல எந்திரி! எவன் கால்லயும் விழுகக் கூடாதுன்னுதான ஒன்னைய வளத்தேன்?" என்று அதட்டினார். அந்த அதட்டலிலேயே பேனாவைக் கேட்டார், கையெழுத்தையும் போட்டார். இரண்டு பேரும் அழுதோம்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், போர்வைக்குள் கால் இருக்கும் இடம் தட்டையாகக் கிடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் செருப்பு எங்கத்தா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழா அன்று தெரு முனையில் விட்டதுதான், நாங்கள் யாரும் எடுத்து வரவில்லை. "போய்ப் பாரு. எடது காலு செருப்பாவது இருக்கும்ல" என்றார்.

பழைய வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போனேன், ஆனால் தெரு முனையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. புதிதாகத் தகரக் கூரை போட்டு, இரும்பு அடுக்குகள் வைத்து, டோக்கன் கொடுக்க ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். 'செருப்புகளை இங்கே விடவும்' என்று மஞ்சள் போர்டு. என் கல்லெழுத்து அந்த அடுக்குகளுக்குப் பின்னால் போய்விட்டது. ஜனங்கள் தாமாகவே கழற்றி மரியாதை செய்தார்கள் என்று பேப்பரில் பாராட்டி எழுதியிருந்தார்களாம். அதிகாரி எனக்குப் போன் செய்து, "பாத்தீங்களாம்மா, நம்ம ஜனங்க மனசு எனக்குத் தெரியாதா?" என்று சந்தோஷப்பட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் போன் செய்தபோது நான் ரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

யாரும் வந்து கேட்காத செருப்புகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தாள் அந்தப் பெண். கொட்டிப் பார்த்தேன். அப்பாவின் தோல் செருப்பு இரண்டும் இருந்தன. தூசி படிந்து, வார் சுருண்டு, ஆனால் இரண்டும் இருந்தன. கையில் எடுத்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. என் செருப்பை உதறிவிட்டு அதை மாட்டிக்கொண்டேன். கால் உள்ளே நீந்தியது. "அக்கா, அக்கா, செருப்போட போகாதீங்க" என்று அவள் கூப்பிடக் கூப்பிடத் தெருவுக்குள் நடந்தேன்.

டப்பு டப்பு என்று கேட்டது. இரண்டு சுவரிலும் அடித்துத் திரும்பி வந்தது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும், வெள்ளை வேட்டி, வெறும் கால், வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, படிச்ச புள்ள மாதிரி இருக்க. தலைவர் எடத்துல செருப்புக் காலோட வாரியே, ஒங்கப்பன் ஒனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலயா?"

எனக்கு அழுகைதான் வந்தது. குனிந்து முகத்தைத் துடைக்கப் போனவள் அவர் காலைப் பார்த்தேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். இவர் மட்டும் இரண்டு பாதத்தையும் கல்லில் அழுத்தி வைத்து அசையாமல் நின்றார்.

"ஐயா, கால் சுடலயா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் சுடல. நீ மொதல்ல செருப்பக் கழட்டு."

கழற்றினேன். கழற்றி அவர் காலுக்கு முன்னால் வைத்துவிட்டு, சுடுகிற கல்லில் முட்டி போட்டு உட்கார்ந்து அவர் கணுக்காலைப் பிடித்தேன். "தூக்குங்கய்யா. காலத் தூக்குங்க. இத மாட்டிக்கங்க, ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்" என்று கெஞ்சினேன். என் முட்டி வெந்தது. சுற்றி நின்றவர்கள் பைத்தியமா என்றார்கள், யாரோ வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். பெரியவர் கூச்சப்பட்டு என் தலையில் கை வைத்து, "எந்திரிம்மா, எந்திரி" என்றார். காலை மட்டும் அவர் தூக்கவே இல்லை.